டோகோன் மக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் டோகோன் மக்களைப் பற்றித் தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது, வேற்றுக்கிரகவாசிகள் வந்து வானறிவைக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற சிரியஸ் விண்மீன் கதைதான். அதற்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் கம்பு விதைத்து, வெங்காயம் நட்டு, பத்தாண்டுக்கும் மேலாக ஒரு போரின் நடுவே பிழைத்துவரும் இந்த மக்களைப் பற்றி அதைவிட அவசியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய உண்டு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

டோகோன் மக்கள் எங்கே வாழ்கிறார்கள்?

மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டின் நடுப்பகுதியில். அங்கே பண்டியாகரா என்ற மணற்கல் பாறைச்சரிவு தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் சுமார் 150 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் எடுத்ததுபோல் நிற்கிறது. சில இடங்களில் 100 மீட்டர், சில இடங்களில் 500 மீட்டர் உயரம். பாறைக்கு மேலே பீடபூமி. கீழே, புர்கினா ஃபாசோ எல்லைவரை விரியும் செனோ சமவெளி. மேலே, சரிவில், கீழே என்று மூன்று இடங்களிலும் டோகோன் ஊர்கள் உண்டு. பண்டியாகரா, பங்காஸ், கோரோ, துவென்சா ஆகியவை பெரிய ஊர்கள். ஆய்வாளர்கள் அதிகம் தங்கிய ஊர் சங்கா.

1989-இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. நான்கு லட்சம் ஹெக்டேர் நிலமும் 289 ஊர்களும் அதில் அடக்கம். இயற்கைக்காகவும் பண்பாட்டுக்காகவும் சேர்த்தே கொடுத்த அங்கீகாரம் அது.

பாறைச்சரிவில் போய் ஏன் குடியேறினார்கள்?

தங்கள் முன்னோர் மாண்டே நாட்டிலிருந்து, அதாவது மாலியின் தென்மேற்கிலிருந்து வந்ததாக டோகோன் பெரியவர்கள் சொல்கிறார்கள். 14, 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. சுற்றிலும் குதிரைப்படை வைத்திருந்த அரசுகள். ஊரை வளைத்து ஆட்களை அடிமையாகப் பிடித்துப்போவது அன்றாடம் நடந்த காலம். குதிரை ஏற முடியாத பாறைதான் அவர்களுக்குக் கோட்டையானது.

அவர்கள் வந்தபோது பாறை வெறுமையாக இருக்கவில்லை. 11 முதல் 16-ஆம் நூற்றாண்டுவரை அங்கே டெல்லெம் என்ற மக்கள் இருந்தார்கள். கைக்கெட்டாத உயரத்தில், பாறைப் பொந்துகளுக்குள் மண்ணால் அவர்கள் கட்டிய தானியக் குதிர்களும் இறந்தவர்களை வைத்த குகைகளும் இன்றும் அப்படியே தெரிகின்றன. அந்தக் குகைகளில் கிடைத்த பருத்தித் துணிகள், சகாராவுக்குத் தெற்கே கிடைத்த மிகப் பழைய துணிகளில் சில. டோகோன் மக்களும் தங்கள் இறந்தவர்களை அதே குகைகளுக்குக் கொண்டுபோனார்கள். உடலைத் துணியில் சுற்றி, பாவோபாப் மரப்பட்டையில் திரித்த கயிற்றால் பாறைமேல் இழுத்து ஏற்றுவார்கள்.

எல்லாரும் பேசுவது ஒரே மொழியா?

இல்லை. டோகோன் என்பது இருபதுக்கு அருகில் மொழிகள் கொண்ட ஒரு குடும்பம். ஜம்சாய், தோரோ சோ, தொம்மோ சோ, தொன்னோ சோ எனப் பல. பக்கத்துப் பள்ளத்தாக்கு ஊர்க்காரர் பேசுவது புரியாமல் ஃபுலானி மொழியிலோ பம்பாரா மொழியிலோ பேசிக்கொள்வதும் நடக்கும். வடமேற்கு ஓரத்தில் சில ஊர்களில் பேசும் பங்கிமே இன்னும் விசேஷம். பேசுகிறவர்கள் தங்களை டோகோன் என்றே சொல்கிறார்கள். ஆனால் அந்த மொழிக்கு உலகில் எந்த மொழியோடும் உறவு இருப்பதாக நிறுவப்படவில்லை.

மொழி எத்தனை இருந்தாலும் வணக்கம் சொல்லும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். வழியில் இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் கேட்டுக்கொண்டே போவார்: நலமா, வீட்டார் நலமா, அப்பா நலமா, மனைவி நலமா, பிள்ளைகள் நலமா. ஒவ்வொன்றுக்கும் மற்றவர் "செவோ" என்பார், அதாவது நலம். முடிந்ததும் முறை மாறும். இப்போது இவர் கேட்பார், அவர் "செவோ" சொல்வார். நடையை நிறுத்தாமலே, ஒருவரையொருவர் கடந்துபோன பிறகும் முதுகுக்குப் பின்னால் கேள்வியும் பதிலும் தொடரும்.

சிரியஸ் விண்மீன் பற்றிய ரகசியம் அவர்களுக்குத் தெரியுமாமே? வேற்றுக்கிரகவாசிகள் சொல்லிக் கொடுத்தார்களா?

மிக அதிகமாக வரும் கேள்வி என்பதால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

வானத்தில் மிகப் பிரகாசமாகத் தெரியும் விண்மீன் சிரியஸ். அதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை உண்டு, சிரியஸ் பி. அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1844-இல் பெஸ்ஸல் கணித்தார். 1862-இல் ஆல்வன் கிரஹாம் கிளார்க் தொலைநோக்கியில் அதைக் கண்டார். சுமார் 50 ஆண்டுக்கு ஒருமுறை இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவருகின்றன.

பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் கிரியோல் 1931 முதல் டோகோன் நாட்டுக்குப் போய்வந்தவர். 1946-இல் ஒகோதெம்மேலி என்ற பார்வையிழந்த முதிய வேட்டைக்காரர் 33 நாள் அவரை உட்காரவைத்துப் படைப்புக் கதை முழுவதையும் சொன்னார். அதன்பின் 1950-இல் கிரியோலும் ஜெர்மேன் தியேத்தெர்லெனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிரியஸை ஒரு சின்னஞ்சிறு விண்மீன் 50 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது, அது மிகக் கனமானது, அதன் பெயர் 'போ தோலோ' என்று டோகோன் பெரியவர்கள் சொன்னதாக அதில் எழுதினார்கள். 'போ' என்பது போனியோ என்ற பொடித் தானியம். 1976-இல் ராபர்ட் டெம்பிள் இதை வைத்துத்தான், சிரியஸிலிருந்து வந்தவர்கள் பூமியில் இறங்கிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒரு நூலே எழுதினார். காணொளிகள் எல்லாம் அங்கிருந்து கிளைத்தவை.

டச்சு மானிடவியலாளர் வால்டர் வான் பேக் 1979 முதல் திரேலி என்ற டோகோன் ஊரில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். 1991-இல் அவர் எழுதியது இது: சிரியஸ் இரட்டை விண்மீன் என்ற செய்தி அவர் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. கிரியோல் குறிப்பிட்ட விண்மீன் எது என்று கேட்டால் ஆளுக்கொன்றைக் காட்டினார்கள். கிரியோல் விண்ணியலில் பயிற்சி உள்ளவர். நட்சத்திரப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, தான் எதிர்பார்த்த பதிலை நோக்கிக் கேள்வி கேட்டிருக்கலாம். சிரியஸ் பியின் அசாதாரண அடர்த்தி 1920-களிலேயே ஐரோப்பியப் பத்திரிகைகளில் பேசப்பட்ட விஷயம். பிரெஞ்சு அதிகாரிகளும் பாதிரியார்களும் ஆசிரியர்களும் அப்போது டோகோன் நாட்டில் இருந்தார்கள். கிரியோலின் மகள் ஜெனவியேவ் காலாம்-கிரியோல் தந்தையின் ஆய்வுக்காக வாதாடினார்; ரகசிய அறிவை எல்லாரிடமும் கேட்டுப் பெற முடியாது என்றார். அந்த வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் நான்கைந்து பேர் சொன்னதாக ஒருவர் எழுதியது ஒரு மக்கள் கூட்டம் முழுவதற்கும் பொதுவான அறிவாகிவிடாது. சிரியஸுக்கு இன்னொரு துணை விண்மீனும் உண்டு என்று 1950-ஆம் ஆண்டுக் கட்டுரை சொன்னது; அதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது வேறொன்று. பாறைமேல் மண் கொட்டிப் பயிர் செய்த மக்களின் அறிவை வேற்றுக்கிரகத்துக்குத் தாரைவார்த்துவிட்டு, அந்த மக்களை மட்டும் மறந்துவிடுகிறோம்.

அப்படியானால் அவர்களுடைய நம்பிக்கைதான் என்ன?

படைத்த கடவுள் அம்மா. ஆண் கடவுள்; நம் 'அம்மா'வுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. நீரோடு சேர்ந்தவர்கள் நொம்மோ எனும் இரட்டையர். மண்ணுக்கும் விளைச்சலுக்கும் உரியவர் லெபே, பாம்பு உருவில் வருபவர். குலத்தின் முன்னோரை வணங்கும் பினு கோவில்களும் உண்டு. அவற்றின் மண் சுவரில் கம்பங்கூழ் ஊற்றிய வெள்ளைக் கோடுகள் காய்ந்திருக்கும்.

எல்லா ஊரிலும் ஒரே புராணம் என்று எண்ண வேண்டாம். ஒகோதெம்மேலி சொன்ன பெரும் படைப்புக் கதை பல ஊர்களில் தெரியாது. நடைமுறையில் வழிபாடு மழை, விளைச்சல், பிள்ளைப்பேறு, முன்னோர் ஆகியவற்றையே சுற்றி நடக்கிறது.

நரியிடம் குறி கேட்பார்கள் என்கிறார்களே, எப்படி?

ஊருக்கு வெளியே மணலைச் சமப்படுத்தி, குறிசொல்பவர் மாலையில் நீள்சதுரக் கட்டங்கள் கீறுவார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பொருள். குடும்பம், ஊர், நோய், பயணம், கடவுள் என்று கேட்கவந்தவரின் கேள்விக்கு ஏற்ப அது அமையும். கட்டங்களுக்குள் சின்னக் குச்சிகள் நடுவார், கூழாங்கல் வைப்பார், விரலால் மேடும் பள்ளமும் செய்வார். பிறகு நிலக்கடலையைத் தூவி, மெல்லிய குரலில் நரியை அழைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். இரவில் வெளிர் நரி வரும். சகாரா ஓரத்தில் திரியும், பெரிய காதுள்ள சின்ன நரி. கடலையைத் தின்றுவிட்டுப் போகும். விடியற்காலையில், காற்று மணலைக் கலைக்கும் முன், குறிசொல்பவர் வந்து காலடித் தடம் எந்தக் கட்டத்தில் நுழைந்தது, எந்தக் குச்சியைச் சாய்த்தது, எதைத் தொடாமல் விட்டது என்று படிப்பார்.

நரி ஏன்? கடவுளுக்கு எதிராகக் கிளம்பி, அதற்குத் தண்டனையாகப் பேச்சை இழந்தது அது என்பது கதை. வாயால் பேச முடியாததால் காலால் பேசுகிறது.

ஹோகோன் என்பவர் யார்?

ஊரின் ஆன்மிகத் தலைவர். பெரும்பாலும் மிக மூத்த ஆண். பொறுப்பேற்ற பிறகு ஆறு மாதம் குளிப்பதோ முகம் மழிப்பதோ கூடாது. அதன் பிறகும் தனியாகத்தான் வாழ்வார், யாரும் அவரைத் தொடக் கூடாது. இரவில் லெபே பாம்பு வந்து அவரை நக்கித் தூய்மை செய்து, உயிராற்றல் கொடுத்துப் போகும் என்பது நம்பிக்கை. சண்டை சச்சரவு தீர்ப்பதும் விதைப்புச் சடங்குகளை நடத்துவதும் அவர் வேலை. அரூ என்ற ஊரின் ஹோகோனுக்கு மற்றவர்களைவிட மதிப்பு அதிகம். இன்று பல ஊர்களில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

முகமூடி ஆட்டம் எதற்காக?

இறந்தவர்களை வழியனுப்ப. அடக்கம் முடிந்தவுடன் இறந்தவரின் ஆவி போய்விடுவதில்லை, ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று நம்புகிறார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு, அதற்குள் இறந்த பலருக்கும் சேர்த்து, தமா என்ற சடங்கை நடத்துவார்கள். அவா என்ற ஆண்கள் சங்கம் முகமூடிகளைச் செதுக்கி, ஆடி, இறந்தவர் வீட்டு மொட்டைமாடியில் ஏறி, ஆவியை முன்னோர் உலகத்துக்கு அனுப்பிவைக்கும். செலவு மிக அதிகம். கம்பும் கள்ளும் விருந்தும் சேர்த்து வைக்கவே பல விளைச்சல் தேவை.

இரண்டு குறுக்குச் சட்டங்கள் கொண்ட கனகா முகமூடிதான் வெளியே பிரபலம். ஆடுபவர் இடுப்பை வளைத்து அதன் நுனியால் தரையைத் தொட்டு வட்டமடிப்பார். சிரிகே என்பது பல மாடி வீடுபோல் நெடுக உயர்ந்து நிற்கும் ஒற்றைப் பலகை. அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும். பொய்க்கால் கட்டி, நீர்ப்பறவைபோல் நடந்துவருபவர்களும் உண்டு.

பெண்கள் முகமூடிக்கு அருகே வரக் கூடாது. ஆனால் முகமூடியை முதலில் கண்டெடுத்ததே ஒரு பெண் என்பது அவர்களின் கதை. சதிம்பே முகமூடியின் உச்சியில் கைதூக்கி நிற்கும் பெண் உருவம் அவளுக்கானது. முகமூடிகளின் சகோதரி என்ற பட்டத்தோடு ஆட்டக்காரர்களுக்கு உணவும் நீரும் கொடுக்கும் யாசிகினே பெண்களும் இருக்கிறார்கள்.

60 ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழா எப்போது?

சிகுயி. கடைசியாக 1967-இல் தொடங்கி 1973 வரை நடந்தது. யூகா குன்றிலுள்ள யூகா தோகோரு என்ற ஊரில் தொடங்கி, ஏழு ஆண்டுகளில் ஊர் ஊராக நகர்ந்து முடியும். மனிதர்களுக்குள் முதல் சாவு எப்படி நேர்ந்தது என்பதை நினைவுகூரும் விழா அது. சாவே இல்லாதிருந்த காலத்தில் முதுமையடைந்தவர்கள் பாம்பாக மாறினார்கள். ஒருவர் விதியை மீறியதால் சாவு வந்தது என்பது கதை. அவருக்காகப் பாம்பு வடிவில் பெரிய முகமூடி ஒன்றைச் செதுக்குவார்கள். பத்து மீட்டர் நீளம்கூட இருக்கும். அதை யாரும் அணிவதில்லை, குகையில் வைப்பார்கள். தேர்ந்தெடுத்த சிலர் மூன்று மாதம் தனியே தங்கி 'சிகி சோ' என்ற சடங்கு மொழியைக் கற்பார்கள். ஆண்கள் சோழி கோத்த ஆடை அணிந்து வரிசையாக ஆடிவருவார்கள். பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் ழான் ரூஷும் தியேத்தெர்லெனும் இதைப் படம்பிடித்தார்கள்.

கணக்குப்படி அடுத்த சிகுயி 2027-இல் தொடங்க வேண்டும். 1967-இல் சிறுவர்களாகக் கலந்துகொண்டவர்கள் இப்போது முதியவர்கள். அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். சாலையில் நடக்கவே அஞ்சும் நிலையில் ஊர் ஊராக நகரும் விழாவை எப்படி நடத்துவார்கள் என்பதுதான் கவலை.

இன்றும் எல்லாரும் பழைய சமயத்தில்தான் இருக்கிறார்களா?

இல்லை. பெரும்பான்மையினர் இன்று முஸ்லிம்கள். கிறிஸ்தவர்களும் கணிசமாக உண்டு. பல ஊர்களில் ஆண்கள் கூடும் தோகுனா என்ற சாவடி ஒருபுறம், மண்ணால் கட்டிய பள்ளிவாசல் மறுபுறம், இடையே ஒரு தேவாலயம் என்று பார்க்கலாம். ஒரே குடும்பத்தில் அண்ணன் முஸ்லிம், தம்பி கிறிஸ்தவர், தாத்தா பினு பூசகர் என்பதும் நடந்திருக்கிறது.

தோகுனா என்றால் என்ன?

ஆண்கள் கூடிப் பேசும் சாவடி. எட்டுத் தூண்கள் நிறுத்தி, அதன்மேல் கம்பந்தட்டையை அடுக்கடுக்காகப் போட்டு இரண்டு மூன்று மீட்டர் கனத்துக்குக் கூரை எழுப்புவார்கள். வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சி. கூரை மிகத் தாழ்வு, நிமிர்ந்து நிற்க முடியாது. கோபத்தில் துள்ளி எழுந்தால் தலை இடிக்கும். அதனால் உட்கார்ந்தே பேசியாக வேண்டும்.

எதைப் பயிரிட்டு எதைச் சாப்பிடுகிறார்கள்?

கம்புதான் உயிர். அதோடு சோளம், போனியோ, காராமணி, நிலக்கடலை, எள், புளிச்சகீரை வகை. கம்பு நம் வயலுக்கு வந்ததும் அந்தப் பக்கத்திலிருந்துதான். வளர்ப்புக் கம்பின் மிகப் பழைய தடயம் மாலியின் வடகிழக்கே தில்லெம்சி பள்ளத்தாக்கில் கிடைத்திருக்கிறது, சுமார் 4,500 ஆண்டு பழமை. அடுத்த ஆயிரம் ஆண்டுக்குள் அது இந்தியா வந்து சேர்ந்தது. காராமணியும் மேற்கு ஆப்பிரிக்கப் பயிரே.

மழை ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான். அறுத்த கதிரை அப்படியே குதிரில் அடுக்கி, வேண்டும்போது எடுத்து உரலில் இடிப்பார்கள். மாவைக் கிளறிக் கட்டியாக்கி, பாவோபாப் இலைப்பொடி அல்லது வெண்டைக்காய்க் குழம்போடு சாப்பிடுவார்கள். பாவோபாப் மரத்தில் வீணாவது எதுவுமில்லை: இலை குழம்புக்கு, பழம் பானத்துக்கு, பட்டை கயிற்றுக்கு.

மழை முடிந்ததும் பீடபூமியில் வெங்காயப் பருவம். நம் சின்ன வெங்காயம் போன்ற வகை. இதைத்தான் டோகோன் உழைப்பின் உச்சம் என்று சொல்வேன். வெறும் பாறைமேல் கல்லடுக்கி வரப்பு கட்டுகிறார்கள். கீழே பள்ளத்திலிருந்து மண்ணைக் கூடையில் சுமந்துவந்து கொட்டுகிறார்கள், சாணமும் சாம்பலும் சேர்க்கிறார்கள். ஒரு பாய் அகலம்கூட இல்லாத சின்னச் சின்னப் பாத்திகளில் நாற்று நடுகிறார்கள். பிறகு குளத்துக்கும் பாத்திக்கும் நடைதான். இரண்டு கையிலும் சுரைக்குடுக்கை, ஒரே வீச்சில் நீர் மழைபோல் விழும்படி ஊற்றுவார்கள். தை, மாசி வாக்கில் அறுவடை. பச்சையாக விற்றது போக மீதியை இலையோடு சேர்த்து இடித்து, கைப்பிடி அளவு உருண்டைகளாகப் பிடித்துப் பாறைமேல் காயவைப்பார்கள். அந்த உருண்டைகள் மாதக்கணக்கில் கெடாது, மாலியைத் தாண்டியும் விலைபோகும். பிள்ளையின் பள்ளிச் செலவு, மருந்து, துணி எல்லாம் வெங்காயப் பணத்தில்தான். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கட்டத் தொடங்கிய சிறு அணைகள் இல்லாமல் இந்த அளவு நடந்திருக்காது.

பெண்களின் வாழ்க்கை எப்படி?

கடினமானது. தண்ணீர், விறகு, உரல் மூன்றும் அவர்கள் தலையில். சரிவு ஊர்களில் நீர்க்குடத்தோடு பாறை ஏற வேண்டும். படிவெட்டிய ஒற்றை மரக்கட்டைதான் ஏணி.

அதேசமயம் பெண்ணுக்குத் தனிக் குதிர் உண்டு. அதில் தன் தானியம், துணி, நகை, சந்தையில் சம்பாதித்த பணம் வைப்பாள். கணவன் அதைத் திறக்க முடியாது. டோகோன் வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்தாம் நாள் சந்தை. அங்கே கொஞ்சோ என்ற கம்புக் கள்ளைக் காய்ச்சி விற்பவர்கள் பெண்கள், வெங்காய வியாபாரத்திலும் அவர்கள் கை ஓங்கியிருக்கும். மரபுப்படி, மணமான பெண் முதல் குழந்தை பிறக்கும்வரை பெரும்பாலும் தாய்வீட்டிலேயே இருப்பாள். மாதவிடாய் நாட்களில் ஊரோரத்து வட்டக் குடிசையில் ஒதுங்கியிருக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. மாலியின் பெரும்பாலான சமூகங்களைப் போலவே சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கமும் இருக்கிறது. இதை எதிர்த்து உள்ளூர்ப் பெண்களே பேசிவருகிறார்கள். பண்பாடு என்ற பெயரில் இதை மறைத்துப் பேசுவது சரியல்ல என்று நினைக்கிறேன்.

ஃபுலானி மக்களோடு ஏன் இந்தப் பகை?

எப்போதும் பகை இருந்ததில்லை. டோகோன் உழவர்கள், ஃபுலானிகள் மாடு மேய்ப்பவர்கள். அறுவடை முடிந்த நிலத்தில் ஃபுலானிகள் கிடை போடுவார்கள். நிலத்துக்கு எரு, மாட்டுக்குத் தட்டை. கம்புக்குப் பால் மாற்றிக்கொள்வார்கள். நிலச் சண்டை, பயிரை மேய்ந்த சண்டை வந்தால் பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள். ஆனால் 1970, 80-களின் வறட்சிக்குப் பிறகு உழுநிலம் விரிந்தது, மேய்ச்சல் சுருங்கியது. லஞ்சம் கொடுத்தவருக்கே தீர்ப்பு என்ற எண்ணம் பரவியது.

2012-இல் வடக்கு மாலி ஆயுதக் குழுக்கள் கையில் விழுந்தது. 2015 முதல் நடுமாலியில் அமாது கூஃபா என்ற ஃபுலானி மதபோதகரின் ஜிகாதிக் குழுவான மசினா படை கிளம்பியது. ஃபுலானி இளைஞர்கள் பலர் அதில் சேர்ந்ததால், ஃபுலானிகள் எல்லாரையும் சந்தேகிக்கும் நிலை வந்தது. அரசுப் படை பாதுகாப்பு தராத நிலையில் 2016-இல் டோகோன் வேட்டைக்காரர்கள் தான் நா அம்பஸாகூ என்ற படையைத் திரட்டினார்கள். பிறகு நடந்தவை கொடுமை. 2019 மார்ச் 23 அன்று ஒகொஸாகூ என்ற ஃபுலானி ஊரில் சுமார் 160 பேர் கொல்லப்பட்டார்கள். அரசு அந்தப் படையைக் கலைப்பதாக அறிவித்தது, படை கலையவில்லை. அதே ஆண்டு ஜூனில் சொபானே தா என்ற டோகோன் ஊரில் 35 பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் 24 பேர் குழந்தைகள். 2022 ஜூனில் தியல்லஸாகூவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் 130-க்கும் மேற்பட்டோர். ஒரு பக்கத்து இறப்பை மட்டும் எண்ணிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

2021 ஜனவரியில் கோரோ வட்டாரத்தில் இரு தரப்புப் பெரியவர்களும் சமாதான ஒப்பந்தம் செய்தார்கள். வேறு ஊர்களிலும் அப்படிச் செய்தார்கள். சில நீடித்தன, சில உடைந்தன. ஐநா அமைதிப்படை 2023 முடிவோடு மாலியை விட்டு வெளியேறியது.

இப்போது அவர்களுக்கு மிக அவசரமான தேவை என்ன?

முதலில், வயலுக்குப் போய்த் திரும்பும் பாதுகாப்பு. ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளியுள்ள வயலில் விதைத்தால் அறுக்க முடியுமா என்று தெரியாததால், வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தை மட்டும் உழுகிறார்கள். அங்கே விளைவது வருடம் முழுக்கப் போதாது. எரிக்கப்பட்ட குதிர் என்பது ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சோறு, கூடவே அடுத்த ஆண்டு விதையும்.

அடுத்தது சாலை. பண்டியாகராவுக்கும் பங்காஸுக்கும் இடையே கண்ணிவெடிகள் வைக்கப்பட்டன, பாலங்கள் தகர்க்கப்பட்டன. 2021 டிசம்பரில் சொங்கோ அருகே சந்தைக்குப் போன வண்டியில் இருந்தவர்களைச் சுட்டு எரித்தார்கள், முப்பதுக்கும் மேல் இறந்தார்கள். சாலை அடைபட்டால் வெங்காயம் அழுகும், மருந்து வராது, ஆசிரியர் வரமாட்டார். நூற்றுக்கணக்கான பள்ளிகள் மூடிக் கிடந்த நடுமாலியில், எழுதப் படிக்கத் தெரியாமல் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஊரைவிட்டு ஓடியவர்கள் பண்டியாகராவிலும் மோப்தி-செவாரேயிலும் பமாகோவிலும் தங்கியிருக்கிறார்கள். உழவருக்கு நகரத்தில் வேலை இல்லை.

தண்ணீர் எப்போதுமே பிரச்சினைதான். சமவெளியில் கிணறு மிக ஆழமாகத் தோண்ட வேண்டும்; பீடபூமியில் சிறு அணைகள் தூர்ந்துபோகின்றன. மழைக்காலத்தில் மலேரியா. சுற்றுலா நின்றுபோனதால் வழிகாட்டிகள், செதுக்குபவர்கள், சிறு விடுதிக்காரர்கள் வருமானம் இழந்தார்கள். எரிந்த வீடுகளையும் குதிர்களையும் தோகுனாக்களையும் உள்ளூர் கொத்தர்களைக் கொண்டே திரும்பக் கட்டும் பணியை யுனெஸ்கோ மேற்கொண்டது. கூலி ஊருக்குள்ளேயே தங்கும் அந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எல்லா அண்டை மக்களோடும் சண்டையா?

இல்லவே இல்லை. நைஜர் ஆற்றில் மீன்பிடிக்கும் போஸோ மக்களோடு டோகோனுக்குக் கேலி உறவு உண்டு. முன்பின் தெரியாத இருவர்கூட எதிரெதிரே வந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்ளலாம், யாரும் கோபப்படக் கூடாது. ஆனால் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள், ஆபத்தில் கைவிடவும் மாட்டார்கள். பஞ்சத்தில் ஒரு போஸோ தன் தொடைச் சதையை அறுத்துச் சமைத்து ஒரு டோகோன் உயிரைக் காப்பாற்றினான் என்பது அதற்குச் சொல்லும் காரணம்.

டோகோன் மக்களில் உலகம் அறிந்தவர்கள் யார்?

எழுத்தாளர் யாம்போ உவொலொகெம். 1968-இல் பிரான்ஸின் ரெனோதோ பரிசு பெற்றார், அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர். பிற்பாடு ஊர் திரும்பி, 2017-இல் இறக்கும்வரை ஒதுங்கியே வாழ்ந்தார். இன்னொருவர் மருத்துவர் ஒகோபரா தும்போ. நாட்டு வைத்தியர் குடும்பத்தில் பிறந்து, பமாகோவில் மலேரியா ஆய்வு மையத்தை உலகத் தரத்துக்கு வளர்த்தவர். பண்டியாகராவிலேயே மலேரியா தடுப்பூசிச் சோதனைகள் நடக்க வழிவகுத்தார். 2018-இல் காலமானார். சிரியஸ் கதை பார்க்கும் ஆயிரம் பேரில் ஒருவராவது இவரைத் தேடிப் படித்தால் மகிழ்வேன்.

நேரில் போய்ப் பார்க்கலாமா? முகமூடி, சிலை வாங்கலாமா?

இப்போது போகக் கூடாது. பயணம் உங்களுக்கும் ஆபத்து, உங்களை அழைத்துப்போகும் உள்ளூர்க்காரருக்கும் ஆபத்து.

பழைய பொருள் எதையும் வாங்காதீர்கள். கிரியோலின் 1931–33 பயணக் குழு பாரிஸுக்குக் கொண்டுபோனவற்றில் ஊரார் விரும்பிக் கொடுக்காதவையும் இருந்தன. குழுவிலிருந்த மிஷேல் லெய்ரிஸ் தன் நாட்குறிப்பிலேயே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகும் குகைகளும் குதிர்க் கதவுகளும் கொள்ளை போய்க்கொண்டே இருந்தன. மாலியில் பழம்பொருளை அனுமதியின்றி வெளியே கொண்டுபோவது குற்றம். பண்டியாகராக் குகைப் பொருட்களுக்கு அமெரிக்காவும் 1993-இல் இறக்குமதித் தடை போட்டது. 'நூறாண்டுப் பழமை' என்று இணையத்தில் விற்பவை திருடியதாக இருக்கும், இல்லையென்றால் போலியாக இருக்கும்.

புதிதாகச் செதுக்கியதை, செதுக்கியவர் யார் என்று தெரிந்து வாங்கினால் அதில் தவறில்லை. பணம் போய்ச் சேர வேண்டிய கையில் சேரும். பொருட்களைப் பார்க்க விரும்பினால் பமாகோவில் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது, பாரிஸில் கே பிரான்லி அருங்காட்சியகம் இருக்கிறது.